ஸ்பிரிண்ட் ஓடுகிறது, வேலை நகரவில்லை: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வேலையை ஸ்பிரிண்ட் என்னும் குறுகிய காலச் சுற்றுகளாக, பெரும்பாலும் இரண்டு வாரச் சுற்றுகளாக, பிரித்துச் செய்வது ஸ்க்ரம் முறை. அந்த முறையில் இயங்கும் மென்பொருள் அணிகளுக்கு உதவுவது என் வேலை. "அணி சரியாக ஓடவில்லை, வந்து பாருங்கள்" என்று கூப்பிடுகிறவர்கள் அநேகமாக ஏதாவது ஒரு கூட்டத்தைத்தான் குறை சொல்வார்கள். காலைக் கூட்டம் இழுக்கிறது, ரெட்ரோவில் (ஸ்பிரிண்ட் முடிவில் வேலை செய்த விதத்தைத் திரும்பிப் பார்க்கும் கூட்டத்தில்) யாரும் வாய் திறப்பதில்லை, திட்டமிடலில் அரை நாள் போய்விடுகிறது. ஆரம்ப வருடங்களில் நானும் உடனே அந்தக் கூட்டத்தைச் சீர்படுத்தக் கிளம்பிவிடுவேன்; பலன் இரண்டு வாரம்கூட நிற்காது. கூட்டத்தில் தெரியும் கோளாறு பெரும்பாலும் வேறோர் இடத்தில், ஒரு வேலை யாரோ ஒருவருக்காகக் காத்துக் கிடக்கும் இடத்தில் பிறக்கிறது. அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கும் வழியைத்தான் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன்.

உங்கள் அணிக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேரே போகலாம். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

## எதையும் மாற்றும் முன்: புள்ளி வையுங்கள்

வேலைக்கு ஓர் அட்டை என்று ஒட்டி வைத்திருக்கும் பலகையில் உள்ள ஒவ்வோர் அட்டையிலும் தினமும் மாலையில் ஒரு புள்ளி வையுங்கள். அட்டை "செய்துகொண்டிருப்பது" என்ற கட்டத்தில் இருந்தால் நீலப் புள்ளி, "ரிவ்யூ" (எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்ப்பது) கட்டத்தில் இருந்தால் பச்சை, "சோதனை"யில் இருந்தால் சிவப்பு. அன்று யாரும் தொடாத அட்டை என்றால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். அவ்வளவுதான். யாரிடமும் "ஏன் நகரவில்லை" என்று கேட்க வேண்டாம். கேட்டால் அடுத்த நாளே அட்டைகள் கணக்குக்காக நகரத் தொடங்கிவிடும். பலகை கணினியில் இருந்தால், ஒரு தாளில் அட்டை எண்களை வரிசையாக எழுதி அதில் புள்ளி வையுங்கள்.

ஒரு ஸ்பிரிண்ட் முழுக்க இப்படிச் செய்தால், வட்டமிட்ட புள்ளிகள் ஏதோ ஒரு கட்டத்தில் குவிந்திருப்பது தெரியும். கீழே நான் "புள்ளிகள்", "புள்ளித் தாள்" என்று சொல்லும் இடங்களில் எல்லாம் இந்தப் பதிவைத்தான் சொல்கிறேன்.

கூடவே இன்னொன்று. ஸ்க்ரமை உருவாக்கிய கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லண்டும் எழுதிய ஸ்க்ரம் கையேட்டை அணியில் எல்லோரும் ஒருமுறை உட்கார்ந்து வாசியுங்கள். முதல் பதிப்பு 2010-இல் வந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2020 நவம்பர் பதிப்பு. சிறிய கையேடு, ஒரு மணி நேரம்கூட ஆகாது. அணிகள் சண்டை போட்டுக்கொள்ளும் விஷயங்களில் பாதி அதில் இல்லவே இல்லை என்பது வாசித்தால் தெரியும். ஸ்டோரி பாயிண்ட் (வேலையின் அளவுக்குத் தரும் மதிப்பெண்) இல்லை, வெலாசிட்டி (ஒரு ஸ்பிரிண்டில் முடித்த பாயிண்ட்களின் கூட்டுத்தொகை) இல்லை, யூசர் ஸ்டோரி (பயனரின் பார்வையில் எழுதிய தேவைக் குறிப்பு) இல்லை, காலைக் கூட்டத்தில் நின்றுகொண்டுதான் பேச வேண்டும் என்ற விதியும் இல்லை. இவை எல்லாம் கையேட்டுக்கு வெளியே வழக்கத்தில் சேர்ந்தவை. உங்களுக்குப் பயன்பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: கடைசி நாளில் எல்லாமே "கிட்டத்தட்ட முடிந்துவிட்டது"

நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். 10 வேலை நாள் ஸ்பிரிண்டில் ஏழாம் நாள் வரை ஒரு அட்டைகூட "முடிந்தது" கட்டத்துக்குப் போயிருக்காது. ஒன்பதாம் நாள் இரவு எல்லோரும் விழித்திருப்பார்கள். பத்தாம் நாள் பாதி அட்டைகள் அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளப்படும்.

ஸ்பிரிண்டின் ஐந்தாம் நாள் பலகை முன் நின்று, தொடங்கி முடியாமல் இருக்கும் அட்டைகளை எண்ணுங்கள். அணியின் ஆட்களை எண்ணுங்கள். அட்டைகள் ஆட்களைவிட அதிகமாக இருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அணி தாங்கக்கூடியதற்கு மேல் தொடங்கி வைத்திருக்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிக் காட்டிய விதி அது: ஒரு வேலை உள்ளே வந்து வெளியே போகச் சராசரியாக ஆகும் காலம், உள்ளே இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, முடியும் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும். உங்கள் அணி சராசரியாக நாளொன்றுக்கு ஓர் அட்டையை முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 அட்டைகள் திறந்து கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் சராசரி 20 நாள். அது 10 நாள் ஸ்பிரிண்டுக்குள் எப்படி அடங்கும்? அதே அணி, அதே வேகம், திறந்திருப்பது 5 அட்டைகள் என்றால் 5 நாள். யாரும் வேகமாகத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, யாரும் இரவில் விழிக்க வேண்டியதில்லை.

சொல்வதற்கு எளிது. ஓர் அணியில் இதைச் சொன்னபோது என்ன நடந்தது என்று எழுதுகிறேன். ஏழு டெவலப்பர்கள், ஒரே ஒரு டெஸ்டர். சோதனைக் கட்டத்தில் 11 அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. கீழே இருந்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய, மேலே இருந்ததைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அதில் ஒன்பது சிவப்புப் புள்ளிகள், ஆறில் வட்டம். "சோதனைக் கட்டத்தில் 3 அட்டைக்கு மேல் இருக்கக் கூடாது" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அந்தக் கட்டத்தின் தலையில் ஒட்டினோம். மறுநாள் காலை ஒரு டெவலப்பர் தன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பலகை முன் நின்றார். "வைக்க இடம் இல்லை. நான் அடுத்ததைத் தொடங்கட்டுமா?" கூடாது என்றேன். "அப்படியானால் நான் சும்மா இருப்பதா?" அவருக்குக் கோபம். நியாயமான கோபம்தான், கை சும்மா இருந்தால் குற்றம் என்று பழக்கப்படுத்தி வைத்திருக்கிறோம். டெஸ்டர்தான் பதில் சொன்னார்: "என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இந்த மூன்றுக்கும் சோதனைத் தரவு தயாரிக்கவே எனக்கு நேரம் எல்லாம் போகிறது."

அவர் போய் உட்கார்ந்தார். சோதனைத் தரவை ஒவ்வொரு முறையும் கையால் உள்ளிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மாலைக்குள் அதைத் தானாகச் செய்யும் சிறு நிரல் ஒன்று எழுதிக் கொடுத்தார். மாதக்கணக்காக எல்லோர் கண் முன்னாலும் இருந்த சிக்கல், இடம் இல்லாமல் ஓர் அட்டை கையிலேயே நின்றபோதுதான் வெளியே வந்தது.

ஸ்க்ரம் என்ற சொல்லே ரக்பி ஆட்டத்திலிருந்து வந்தது. மேலாண்மை அறிஞர்கள் டக்கேயுச்சியும் நொனாகாவும் 1986-இல் எழுதிய கட்டுரையில், குறுந்தடியைக் கை மாற்றி விட்டு ஒதுங்கும் தொடர் ஓட்டத்தையும், மொத்த அணியும் சேர்ந்து பந்தை நகர்த்தும் ரக்பியையும் எதிரெதிரே வைத்தார்கள். "என் பங்கு முடிந்தது, சோதனைக்கு அனுப்பிவிட்டேன்" என்ற சொல் உங்கள் அணியில் காதில் விழுந்தால், நடப்பது தொடர் ஓட்டம்.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உச்ச வரம்பு எழுதி ஒட்டுங்கள். ஆட்களின் எண்ணிக்கையைவிடச் சற்றுக் குறைவான மொத்தத்தில் தொடங்குங்கள். கை காலியானவர் முதலில் பலகையின் வலப்பக்கம் பார்க்க வேண்டும். முடிவுக்கு மிக அருகில் இருக்கும் அட்டைக்கு உதவ முடியுமா என்று கேட்க வேண்டும். எதற்குமே உதவ முடியாத நிலையில்தான் புதிய அட்டை.

வரம்பு வைத்தும் சரியாகவில்லை என்றால் அட்டையின் அளவைப் பாருங்கள். ஓர் ஆள் மூன்று நாளில் முடிக்க முடியாத அட்டையை நான் உடைக்கச் சொல்வேன். அதற்கும் பிறகு, "முடிந்தது" என்பதற்கு அணியில் ஒரே வரையறை எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் அதை எழுதும் வரை வேறெதையும் தொடாதீர்கள்.

சரியானதற்கு அடையாளம்: மூன்றாம் அல்லது நான்காம் நாளிலேயே முதல் அட்டை முழுதாக முடிந்திருக்கும்.

## அறிகுறி: காலைக் கூட்டத்தில் எல்லோரும் ஒருவரைப் பார்த்தே பேசுகிறார்கள்

காலைக் கூட்டத்துக்கு, அதாவது டெய்லி ஸ்க்ரமுக்கு, 15 நிமிடம். அது 40 நிமிடம் ஓடுகிறது என்பது புகாராக வரும். நேரத்தை விட்டுவிட்டு, பேசுகிறவரின் கண்ணைக் கவனியுங்கள். மேலாளரையோ ஸ்க்ரம் மாஸ்டரையோ (முறை சரியாக நடக்க அணிக்கு உதவுபவரையோ) பார்த்துப் பேசிவிட்டு, அடுத்தவர் பேசும்போது கைப்பேசியைப் பார்க்கிறார் என்றால் அங்கே நடப்பது வருகைப் பதிவு. ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தேவைப்படவில்லை. ஏன் தேவைப்படவில்லை என்பதுதான் கேள்வி.

இப்படிச் சோதியுங்கள். அணியில் மூன்று பேரிடம் தனித்தனியாக, "இந்த ஸ்பிரிண்டின் இலக்கு என்ன?" என்று கேளுங்கள். மூன்று வேறு பதில்கள் வந்தால், அல்லது மூவரும் தத்தம் அட்டையைச் சொன்னால், அவர்களைச் சேர்த்து வைக்கும் பொது வேலையே இல்லை. தனித்தனி வேலை செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டிய தேவை எங்கிருந்து வரும்? கோளாறு திட்டமிடலில் இருக்கிறது. காலைக் கூட்டத்தில் அது வெளியே தெரிகிறது.

அடுத்த திட்டமிடலில் அட்டைகளைத் தேர்வதற்கு முன் இலக்கை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தில் பயனர் இருக்க வேண்டும். "லாகின் தொகுதியின் 8 அட்டைகளை முடித்தல்" என்பது இலக்காகாது. "கடவுச்சொல்லை மறந்த பயனர் யாருடைய உதவியும் இன்றி உள்ளே நுழைய முடிய வேண்டும்" என்பது இலக்கு. எட்டு அட்டைகளில் இரண்டை விட்டுவிட்டும் இதை அடைய முடியலாம். அந்தப் பேச்சுதான் காலைக் கூட்டத்துக்கு உரியது.

"நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன" என்ற மூன்று கேள்விகளை 2020 பதிப்பு நீக்கிவிட்டது. நீங்களும் நீக்கிவிடலாம். ஆள் ஆளாகச் சுற்றுவதற்குப் பதில், பலகையின் வலது ஓரத்திலிருந்து அட்டை அட்டையாக வாருங்கள்: இது இன்று முடிய என்ன வேண்டும்? விவாதம் நீண்டால் சம்பந்தப்பட்ட இரண்டு பேர் கூட்டம் முடிந்ததும் நின்று பேசட்டும். மேலாளர் வந்தாக வேண்டும் என்றால், பேசுகிறவரின் பார்வையில் படாத இடத்தில் நிற்கட்டும். நான் அப்படிக் கேட்டபோது எந்த மேலாளரும் மறுத்ததில்லை.

## அறிகுறி: ஸ்பிரிண்ட் நடுவே வேலை நுழைந்துகொண்டே இருக்கிறது

"எங்கள் இடத்தில் திட்டமே போட முடியாது" என்பார்கள். இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்துவையுங்கள்: என்ன வந்தது, யாரிடமிருந்து, யார் வழியாக, அடுத்த ஸ்பிரிண்ட் வரை காத்திருந்தால் என்ன நட்டம். இந்தத் தாளை நிரப்பிய பிறகு மூன்று வகை பிரியும்.

முதல் வகை, உண்மையான அவசரம். சேவை நின்றுவிட்டது, தரவு தவறாகப் போகிறது. இதைத் தடுக்க முடியாது; ஏற்பாடு செய்யலாம். வாரத்துக்கு ஒருவர் முறை வைத்து அவசரங்களைப் பார்க்கட்டும். அவர் பேருக்கு ஸ்பிரிண்ட் அட்டை எதுவும் வேண்டாம்.

இரண்டாம் வகை, பக்கவாசல் வழியாக வருவது. செல்வாக்குள்ள ஒருவர் நேரே டெவலப்பரின் இருக்கைக்கு வந்து "ஐந்து நிமிட வேலைதான்" என்கிறார். டெவலப்பரைக் கடிந்துகொள்வதில் பயன் இல்லை. தன்னைவிட மூத்தவரிடம் மறுக்கும் பொறுப்பை இளையவர் தலையில் வைப்பது அநியாயம். எந்த வேலை முதலில் என்று முடிவு செய்கிறவர் ப்ராடக்ட் ஓனர். "ப்ராடக்ட் ஓனரிடம் சொல்லிவிடுகிறேன்" என்ற ஒற்றை வாக்கியத்தை அணி முழுவதும் பழகுங்கள். அந்த மூத்தவரிடம் ப்ராடக்ட் ஓனரே போய்ப் பேசட்டும். பேசும்போது தாளையும் எடுத்துப் போகட்டும். எத்தனை "ஐந்து நிமிடங்கள்" சேர்ந்திருக்கின்றன என்று அவருக்கு அநேகமாகத் தெரிந்திருக்காது.

மூன்றாம் வகை, வேலை செய்யச் செய்யப் புரிந்துகொண்டதால் வருவது. இது கோளாறே இல்லை. ஸ்பிரிண்ட் தொடங்கிவிட்டால் எதையும் தொடக் கூடாது என்று பலர் நம்புகிறார்கள். இலக்குக்கு ஆபத்தான மாற்றம் கூடாது என்பதுதான் கையேட்டின் விதி. வேலையின் எல்லையை ப்ராடக்ட் ஓனரோடு பேசி மாற்றிக்கொள்ள அது இடம் தருகிறது. இலக்கே பொருளற்றுப் போனால் ஸ்பிரிண்டை ரத்து செய்யவும் ப்ராடக்ட் ஓனருக்கு அதிகாரம் உண்டு.

தாளில் பாதிக்கு மேல் முதல் வகையாகவே இருந்தால், உங்கள் வேலைக்கு ஸ்பிரிண்ட் பொருந்தவில்லை. கான்பான் முறைக்கு மாறுங்கள்: பலகையும் வரம்புகளும் இருக்கும், இரண்டு வாரக் கட்டு இருக்காது. பராமரிப்பு அணிகளுக்கு இதை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். முறையைக் கைவிட்டதாக யாரும் வருந்த வேண்டியதில்லை.

## அறிகுறி: வெலாசிட்டி ஏறுகிறது, பயனருக்குப் புதிதாக எதுவும் போகவில்லை

ஆறு மாதத்துக்கு முந்திய அட்டை ஒன்றையும் அதே மாதிரியான இன்றைய அட்டை ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். அன்று 3 பாயிண்ட், இன்று 8 என்றால் வேகம் ஏறவில்லை, அளவுகோல் சுருங்கியிருக்கிறது. யாரோ இரண்டு அணிகளின் எண்களை ஒப்பிட்டிருப்பார்கள். எந்த அளவீட்டைக் கட்டுப்படுத்தும் கருவியாக மாற்றினாலும் அது நம்பகத்தன்மையை இழக்கும் என்று பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னது இங்கும் பொருந்துகிறது. அந்த எண்ணை அணிக்கு வெளியே காட்டுவதை நிறுத்துங்கள். கேட்பவருக்கு ஓடும் மென்பொருளைக் காட்டுங்கள்.

## அறிகுறி: ரெட்ரோவில் மௌனம், அல்லது அதே குறை மூன்றாவது முறை

இரண்டும் வேறு வேறு. இரண்டாவது எளிது. சென்ற ரெட்ரோவில் எடுத்த முடிவுகள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். யாருடைய குறிப்பேட்டிலோ இருக்கும். ஒரே ஒரு முடிவைத் தேர்ந்து, அட்டையாக எழுதி, அடுத்த ஸ்பிரிண்டின் பலகையில் மற்ற அட்டைகளோடு ஒட்டுங்கள். ஏழு முடிவுகள் எடுத்த ரெட்ரோவிலிருந்து ஏழும் நடந்ததை நான் பார்த்ததில்லை.

மௌனம் கடினமானது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டில் கூடிய 17 பேர் எழுதிய, ஸ்க்ரம் போன்ற முறைகளுக்குப் பொதுவான அஜைல் அறிக்கைக்கு 12 கொள்கைகள் உண்டு. கடைசிக் கொள்கை, அணி அவ்வப்போது தன்னைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது. பயம் இருக்கும் இடத்தில் அந்தக் கொள்கை வேலை செய்வதில்லை. மருத்துவமனைகளில் ஆய்வு செய்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் அணிகளில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகின்றன என்பதைக் கண்டார். அங்கே பிழையை வெளியே சொல்ல முடிந்தது. எனவே ஓர் அணி "எங்களிடம் பிரச்சினை எதுவும் இல்லை" என்றால் நான் புள்ளித் தாளை எடுக்கிறேன்.

ஓர் அணியின் தாளில் பச்சைப் புள்ளிகள் மட்டும் குவிந்திருந்தன, எல்லாம் ரிவ்யூ கட்டத்தில். கேட்டால் "வேலை அதிகம்" என்றார்கள். ரெட்ரோவில் பேசச் சொல்லாமல் எல்லோருக்கும் சீட்டுக் கொடுத்து, ஐந்து நிமிடம் எழுதச் சொன்னேன். சீட்டுகளைக் கலைத்து நானே வாசித்தேன். ஒன்றில், "குறிப்புகளைத் திருத்தி ரிவ்யூவுக்கு மறுபடி அனுப்பப் பயமாக இருக்கிறது. அதனால் இன்னும் கொஞ்சம் திருத்தலாம் என்று வைத்துக்கொண்டே இருக்கிறேன்" என்று இருந்தது. அறையில் மூத்த டெவலப்பர் ஒருவர் நிமிர்ந்து, "என் ரிவ்யூவா?" என்றார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அணிக்குப் புதிதாக வந்த பெண் சொன்னார்: "சார், உங்கள் குறிப்புகள் இரவு 11 மணிக்கு வருகின்றன. நாற்பது குறிப்புகள் இருக்கும். காலையில் திறக்கவே கை வருவதில்லை." மூத்தவரின் முகம் வாடிவிட்டது. "நீங்கள் சீக்கிரம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் அவ்வளவு எழுதினேன், அம்மா" என்றார். அவர் சொன்னது உண்மை. அந்தப் பெண்ணுக்கும் அது புரிந்தது.

பத்துக் குறிப்புக்கு மேல் வரும்போல் இருந்தால் எழுதாமல், இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று முடிவானது. அடுத்த ஸ்பிரிண்டில் பச்சைப் புள்ளிகள் கலைந்தன.

மௌனம் நிலவும் அணியில் நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான். முதலில் எழுத்து, பிறகு பேச்சு. சம்பள உயர்வை முடிவு செய்கிறவர் அறையில் இருக்க வேண்டாம். கருத்து கேட்காமல் தாளைக் காட்டி, "இந்த அட்டை இங்கே ஆறு நாள் நின்றிருக்கிறது, அந்த ஆறு நாளில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். ஆளைக் குறித்துப் பேசத் தயங்குகிறவர்கள் அட்டையைக் குறித்துப் பேசிவிடுவார்கள்.

## அறிகுறி: ஸ்பிரிண்ட் ரிவ்யூவில் கைதட்டல் மட்டும்

ஸ்பிரிண்ட் முடிவில் செய்ததைக் காட்டிக் கருத்துக் கேட்கும் கூட்டம் இது. கடைசி மூன்று ரிவ்யூக்களுக்குப் பிறகு பேக்லாகில் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில்) என்ன மாறியது என்று பாருங்கள். எதுவும் மாறவில்லை என்றால், நடந்தது செயல்விளக்கம் மட்டுமே. உண்மையான பயனர் ஒருவரை அழைத்து, மவுஸை அவர் கையில் கொடுத்து, அவர் தடுமாறும்போது உதவாமல் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். பேக்லாக் தானாக மாறும்.

## அறிகுறி: ஆள் சேர்த்த பிறகு வேகம் குறைந்தது

தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் மேலும் தாமதமாகும் என்று கணினி அறிவியலாளர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-இலேயே எழுதினார். 5 பேர் அணியில் இருவர் இருவராகப் பேச வேண்டிய தொடர்புகள் 10. 10 பேர் என்றால் 45. 14 பேர் என்றால் 91. கையேடு அணிக்கு 10 பேர் அல்லது அதற்குக் குறைவு என்கிறது. பிரியுங்கள். ஆனால் "முகப்பு அணி, தரவுத்தள அணி" என்று தொழில்நுட்பம் வாரியாகப் பிரித்தால் ஒவ்வோர் அட்டையும் இரண்டு அணிகளுக்கு இடையே காத்துக் கிடக்கும். பயனருக்கு வேண்டிய ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஓர் அணியே செய்து முடிக்கும்படி பிரியுங்கள்.

## அறிகுறி: ப்ராடக்ட் ஓனர் எதற்கும் "கேட்டுச் சொல்கிறேன்" என்கிறார்

ஒரு வாரம் எத்தனை முறை சொல்கிறார் என்று எண்ணுங்கள். அவரைக் குறை சொல்ல அல்ல. முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் தரப்படவில்லை என்பதற்கு அது ஆதாரம். அந்தக் கேள்விகளைப் பட்டியலிட்டு, எவற்றை அவரே முடிவு செய்யலாம் என்று மேலிடத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

## எதைச் செய்தும் புள்ளிகள் அதே இடத்தில்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், இரண்டு ஸ்பிரிண்ட் பொறுங்கள். அதன் பிறகும் வட்டமிட்ட புள்ளிகள் குறையவில்லை என்றால் காத்திருப்பு அணிக்கு வெளியே இருக்கிறது: வேறொரு துறையின் ஒப்புதல், பாதுகாப்புச் சோதனை, இன்னோர் அணியின் சேவை. அணிக்குள் எந்தக் கூட்டத்தை மாற்றினாலும் அது தீராது.

அப்போது அறிக்கை தயாரிக்காதீர்கள். அதிகம் புள்ளி விழுந்த அட்டையைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு, முடிவெடுக்கக்கூடியவரிடம் நேரே போங்கள். நான் ஒருமுறை 17 புள்ளி விழுந்த அட்டையோடு பாதுகாப்புத் துறைத் தலைவரைப் பார்க்கப் போனேன். கையில் வாங்கி, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "இவ்வளவும் எங்களிடமா?" என்றார். "14 உங்களிடம், 3 எங்களிடம்" என்றேன். அட்டையைத் திருப்பித் தரவில்லை. தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை முதல் அவருடைய துறையிலிருந்து ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் எங்கள் அணியோடு வந்து உட்கார்ந்தார்.